"பட்டாம்பூச்சி மாதிரி ஆடு" என்று சொன்னால் ஏன் யாரும் ஆடுவதில்லை?

ஒரு வகுப்புப் பிள்ளைகளிடம் "பட்டாம்பூச்சி மாதிரி ஆடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அத்தனை பேரும் கையை விரித்து ஒரே மாதிரி படபடவென்று அடிப்பார்கள். இதற்குப் பெயர் படைப்பாற்றல் நடனமாம்!

வேறு வழி காட்டியவர் ருடால்ஃப் லாபான் என்ற நடன ஆய்வாளர். 1879-இல், இன்றைய பிராட்டிஸ்லாவாவில் பிறந்தவர். நாஜி அரசின்கீழ் நடனப் பொறுப்பில் இருந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்காக அவர் தயாரித்த நிகழ்ச்சியை ஒத்திகையிலேயே பார்த்துவிட்டு நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் தடை போட்டார். 1938-இல் லாபான் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். வரலாறு இவ்வளவு போதும்.

அங்கே அவர் கவனித்தது மேடையை அல்ல, தொழிற்சாலையை! எஃப். சி. லாரன்ஸ் என்ற ஆலோசகரோடு சேர்ந்து, போர்க்காலத் தொழிலாளர்கள் வேலை செய்யும்போது உடம்பு எப்படி அசைகிறது என்று ஆராய்ந்தார். 1947-இல் இருவரும் அதைப் புத்தகமாக்கினார்கள். மறு வருஷமே பள்ளி நடனத்துக்காக லாபானின் தனிப் புத்தகம் வந்தது.

எந்த அசைவானாலும் விஷயம் மூன்று கேள்விகளில் இருக்கிறது. வலுவாகவா, மென்மையாகவா? சட்டென்றா, நிதானமாகவா? நேராகவா, வளைந்து நெளிந்தா? இரண்டு, இரண்டு, இரண்டு. பெருக்கினால் எட்டு அசைவுகள்: குத்து, அழுத்து, வீசு, முறுக்கு, ஒற்று, உதறு, வழுக்கு, மித. (நான்காவது கேள்வியாக 'ஓட்டம்' என்று ஒன்று உண்டு: அசைவு தடையில்லாமல் பாய்கிறதா, அடக்கி வைத்திருக்கிறதா? அதற்குத் தனி வீடியோ.)

சரி, எழுந்து நில்லுங்கள். படுத்துக்கொண்டு பார்ப்பவர்களும்தான்! கையில் ஈரத் துண்டு இருக்கிறது, பிழியுங்கள். வலு இருக்கிறது, நிதானம் இருக்கிறது, நெளிவும் இருக்கிறது. எட்டில் 'முறுக்கு' இதுதான். இப்போது துண்டு இல்லை. அதே பிழிதலைத் தோளுக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் இடுப்புக்கு. முதுகுக்கு. பார்க்கிறவருக்குத் துணி துவைப்பது தெரியாது, யாரோ ஒருவர் எதிலிருந்தோ விடுபடத் திணறுவது தெரியும்.

இனிதான் வேடிக்கை. மற்ற இரண்டையும் தொடாமல் வலுவை மட்டும் எடுத்துவிடுங்கள். அதே நிதானம், அதே நெளிவு, ஆனால் மென்மை. மிதக்க ஆரம்பித்துவிட்டீர்கள்! திரும்பப் பிழிதலுக்கு வாருங்கள், நிதானத்தை மட்டும் 'சட்டென்று' ஆக்குங்கள். கை வாள் வீசும். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் ஆட்டமே மாறிவிடுகிறது. இதைக் கண்டபோது நான் வீடியோவை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஆசிரியர்களே, ஆடிக் காட்டாதீர்கள். காட்டினால் பிள்ளைகள் உங்களைத்தான் நகலெடுப்பார்கள். "மென்மையாக, சட்டென்று, நேராக, ஆனால் கை கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவன் மூக்கால் ஒற்றுவான், ஒருத்தி குதிகாலால். "நில்" என்றால் சிலையாக வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே பழக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பு சந்தைதான்.

எட்டில் உங்களுக்கு வராதது எது? கமெண்டில் போடுங்கள். எனக்கு மிதப்பது சுத்தமாக வராது.