வெளிநாட்டுக் கடனில் ரயில்பாதை: நட்டம் யார் தலையில்?

வணக்கம். உசிலம்பட்டியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். “வெளிநாட்டுக் கடனில் ரயில்பாதை போடுகிற நாடு, கடைசியில் கடன் கொடுத்தவனுக்கு அடிமையாகிவிடும் என்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரர் பணத்தில் போட்ட பாதையில்தானே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இன்றும் போய்வருகிறோம்? இரண்டில் எதை நம்புவது ஐயா?”

நல்ல கேள்வி. பணம் எந்த நாட்டுப் பணம் என்பதை விட, வண்டி ஓடி வருமானம் வராமல் போனால் அந்த நட்டத்தை யார் சுமப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம் மதுரை நிலையத்திலிருந்தே தொடங்கலாம்.

மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த அந்தப் பாதை 1876 சனவரி முதல் நாள் தூத்துக்குடியைத் தொட்டது. அக்காலத்து ரயில் நிறுவனங்கள் லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டின. 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனி முதல் இரண்டு ரயில் நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தமே பின்னால் வந்தவற்றுக்கும் அச்சாக அமைந்தது. நிலத்தை அரசு இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். அதோடு, போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் ஆதாயத்துக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும். அதாவது நூறு ரூபாய் முதலுக்கு ரயில் மூன்று ரூபாய்தான் ஈட்டியது என்றால், மீதி இரண்டு ரூபாயை அரசுக் கருவூலம் கொடுத்துவிடும். அந்தக் கருவூலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெருமளவு, உழவர் கட்டிய நிலவரியிலிருந்து வந்தது. ஆகவே வெள்ளைக்காரர் பணத்தில் போட்ட பாதை என்று நாம் சொல்வதில் பாதிதான் உண்மை. முதல் அவர்களுடையது; அதற்கான வட்டியைச் சுமந்தவர்கள் நம் முப்பாட்டன்மார்.

இப்படி உத்தரவாதம் இருக்கும்போது சிக்கனமாகக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கும்? இந்திய அரசில் நிதிப் பொறுப்பு வகித்த வில்லியம் மாசி என்பவரே 1872-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன், ஐந்து சதவீதம் உறுதியாகிவிட்டால் தன் பணம் ஊக்ளி ஆற்றில் கொட்டப்பட்டதா, செங்கல்லும் சுண்ணாம்புமாக ஆனதா என்பது ஆங்கிலேய முதலாளிக்கு ஒரு பொருட்டே இல்லை என்ற பொருளில் சாட்சியம் சொன்னார். ஆட்சியில் இருந்தவரே அப்படி ஒப்புக்கொண்டார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதைவிடக் கொடிய சுமை நாணய மாற்றால் வந்தது. உத்தரவாத வட்டியைப் பிரிட்டன் நாணயமான பவுனில் கட்ட வேண்டும்; நம் வரி வருவாயோ வெள்ளி ரூபாயில். 1870-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 ஷில்லிங் (இருபது ஷில்லிங் ஒரு பவுன்) பெற்ற ஒரு ரூபாய், உலகச் சந்தையில் வெள்ளி விலை விழுந்ததால், 1890-களின் நடுவில் ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பழைய கடன் ஒரு காசுகூடக் கூடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அதே வட்டியைக் கட்ட முன்னைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ரூபாய் தேவைப்பட்டது. இன்று டாலரில் கடன் வாங்கியிருக்கும் நாடுகளின் நிலையும் இதுவேதான் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

பலனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கரிசல் பருத்தி மாட்டு வண்டியிலிருந்து ரயிலுக்கு மாறியபோது விருதுபட்டியும் (இன்றைய விருதுநகர்) சாத்தூரும் பெரிய சந்தைகளாக வளர்ந்தன. 1892-இல் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்தது. ஆனால் பாதை துறைமுகத்தை நோக்கித்தான் போடப்பட்டது. தூத்துக்குடியை ரயில் தொட்ட அதே 1876-இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. ரயில் தானியம் சுமந்தது என்பது உண்மை. கையில் காசில்லாதவனுக்கு அந்தத் தானியத்தால் என்ன பயன்? ரயிலுக்குக் கொட்டும் பணத்தைப் பாசனத்துக்குச் செலவிடுங்கள் என்று பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மன்றாடினார். மதுரைச் சீமைக்குப் பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல்தான் வந்தது, அதாவது ரயில் வந்து இருபது ஆண்டு கழித்து.

இனி அரசியல் விளைவுக்கு வருகிறேன். சீனத்தில் 1911-இல், உள்ளூர் மக்கள் பங்கு போட்டுத் தொடங்கியிருந்த ரயில் திட்டங்களை மன்னராட்சி தேசியமயமாக்கி, பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்க வங்கிகளிடம் அதற்கென்று கடன் வாங்கியது. சிச்சுவான் மாநிலம் கொதித்தெழுந்தது. அதை அடக்க ஹூபெய் மாநிலப் படையில் ஒரு பகுதி அனுப்பப்பட்டிருந்த வேளையில், அக்டோபர் 10 அன்று அங்கே வூசாங்கில் புரட்சி வெடித்தது. அடுத்த ஆண்டே பேரரசு முடிந்துபோனது. அப்புரட்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் திரி கொளுத்தியது ரயில் கடன்தான்.

அதே சீனம் இன்று கடன் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. கென்யாவில் மொம்பாசா துறைமுகத்திலிருந்து நைரோபி வரை 2017-இல் திறக்கப்பட்ட அகலமான பாதைக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி கொடுத்த கடன் சுமார் 320 கோடி டாலர். அங்கே துறைமுக நிர்வாகம், இவ்வளவு சரக்கு ரயிலுக்குத் தருவேன் என்று உறுதி எழுதிக் கொடுத்திருந்தது. சரக்கு தானாக வராதபோது, கொள்கலன்கள் ரயிலில்தான் போக வேண்டும் என்று அரசு ஆணையிட, மொம்பாசாவின் லாரித் தொழிலாளர்கள் பிழைப்பிழந்து தெருவில் இறங்கினார்கள். 2022-இல் புதிய ஆட்சி அந்த ஆணையை விலக்கிக்கொண்டது. கடன் மட்டும் தீராமல் மிஞ்சியது. 1849-இன் உத்தரவாதமும் இந்த உறுதிமொழியும் ஒரே குடும்பம் என்றே நான் கருதுகிறேன்.

சீனத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. இலங்கையில் போரில் சிதைந்த வடக்குப் பாதையையும், நம் தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் இருக்கும் தலைமன்னார் பாதையையும் இந்தியக் கடனில்தான் மீண்டும் போட்டார்கள். 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் இந்தியா பிற நாடுகளுக்குத் தரும் இத்தகைய கடன்களில் பெரும்பகுதிப் பொருளை இந்தியாவிலேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அக்காலத்தில் தண்டவாளமும் எஞ்சினும் பிரிட்டனிலிருந்தே வந்தன என்று குறைபடும் நாம் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கடன் வாங்கியும் தன் காலில் நின்ற நாடு சப்பான். 1870-இல் லண்டனில் 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, 1872-இல் முதல் ரயிலை ஓட்டியது. ஆனால் பாதையின் உரிமையை வெளியாரிடம் கொடுக்கவில்லை. தன் மக்களைப் பொறியாளர்களாகப் பயிற்றுவித்து, வெளிநாட்டாரை விரைவில் அனுப்பிவிட்டது.

உசிலம்பட்டி நேயருக்கு உங்கள் ஊர்ப் பாதையையே நினைவூட்டுகிறேன். 1928-இல் திறந்த மதுரை–போடி பாதையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டன. உங்கள் ஊராரிடம் அன்று யாரும் கேட்கவில்லை. விடுதலைக்குப் பிறகே மீண்டும் போட்டார்கள். பின்னர் அகலப்பாதையாக மாற்ற நம் சொந்தப் பணத்தில்தான் வேலை தொடங்கியது. அந்நிய வட்டி கிடையாது, நாணய மாற்று நட்டம் கிடையாது. ஆனால் 2010-இன் இறுதியோடு நின்ற ரயில் தேனிக்குத் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 சூன். அந்தப் பதினோரு ஆண்டுப் பேருந்துக் கட்டணத்தை உங்கள் பகுதி மக்கள்தான் கட்டினார்கள். சொந்தப் பணத்திலும் நட்டத்தைச் சுமப்பவர் ஒருவர் இருக்கவே செய்கிறார். அதனால்தான் நாளை நம் மதுரைக்கு ஏதேனும் ஒரு ரயில் திட்டம் வெளிநாட்டுக் கடனில் வரும்போது, வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த நாணயத்தில் திருப்பிக் கட்டுவது, பயணிகள் குறைந்தால் ஈடுகட்டுவது மத்திய அரசா, மாநில அரசா, மாநகராட்சியா என்றும் கேளுங்கள்.