தோட்டத்தில் இருந்துகொண்டே இணையத்துக்கு எழுதிச் சம்பாதிக்க முடியுமா? ஒரு தங்கையின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை கேள்வி அனுப்பியிருக்கிறார். உயர்தரத்தில் கலைப் பிரிவில் சித்தியடைந்து, இப்போது ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறாராம். தமிழில் நன்றாகவும் ஆங்கிலத்தில் ஓரளவும் எழுத வரும் என்கிறார். இணையத்தில் சுயாதீன எழுத்தாளராக வேலை பெறுவதற்கு எந்தத் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும், ஒரு கட்டுரைக்கு எவ்வளவு கேட்கலாம், கைத்தொலைபேசி மட்டும் போதுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, கணக்குத் திறப்பதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். காட்டுவதற்கு ஒரு வரி எழுத்தும் இல்லாத கணக்கை எவரும் திறந்து பார்ப்பதில்லை. இணையவழி வேலைகளைத் தேடிக்கொள்ளும் அப்வேர்க் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்க 'கனெக்ட்ஸ்' என்ற வில்லைகள் செலவாகும், அவை தீர்ந்தால் கைக்காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நான் தொடங்கிய காலத்தில் மாதிரிக் கட்டுரை எதுவும் இல்லாமல் ஒரு மாதம் முழுவதும் விண்ணப்பித்தேன். வந்த ஒரேயொரு பதில், உங்கள் எழுத்தைக் காட்டுங்கள் என்பதுதான்.

ஆகவே முதலில் மூன்று கட்டுரைகளை எழுதுங்கள். எதைப் பற்றி என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காலையில் வெந்நீர் குடிப்பதன் பத்து நன்மைகள் என்பது போன்ற கட்டுரைக்கு, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, காசு கொடுப்பவர் அரிது. இயந்திரம் ஒரு நிமிடத்தில் தருவதை உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்? உங்களிடம் மட்டும் இருப்பது எது என்று பாருங்கள். நீங்கள் தேயிலைக்கு நடுவில் பிறந்தவர். வெளிநாடுகளில் இணையவழியாகத் தேயிலை விற்கும் சிறு கடைகள் பல உள்ளன, அவற்றின் பக்கங்களுக்குக் கட்டுரைகள் தேவைப்படுகின்றன. பீஓபி, பீஓபிஎப், டஸ்ட் என்ற தரப் பெயர்கள் சுவையின் உயர்வு தாழ்வைக் குறிப்பவை என்றே வாங்குபவர்களில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை உலர்ந்த இலைத் துகளின் பருமனைக் குறிப்பவை. உங்கள் திம்புளைப் பக்கத்துத் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிரில்தான் நல்ல மணம் பெறும் என்பதும், ஊவாப் பக்கத்தில் அதுவே ஜூலை முதல் செப்டெம்பர் வரை காற்றடிக்கும் காலத்தில் நிகழும் என்பதும் ஒரு முழுக் கட்டுரைக்குப் போதுமான விடயம். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்து விடுவது, ஏன் வெட்டுகிறார்கள், வெட்டிய மலையில் மறுபடி கொழுந்தெடுக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதை அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு அதைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆலோசனைச் சுற்றறிக்கைகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். 1925 இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவகம் உங்கள் தலவாக்கலையிலேயே இருக்கிறது. தேயிலை விற்கும் பக்கங்களில் நம் பெண்களைக் கூடையும் புன்னகையுமாக மட்டும் வருணிக்கும் எழுத்தைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. அதைவிடக் கூடுதலாகச் சொல்ல உங்களால் முடியும். எழுதியவற்றைக் கூகுள் டொக்ஸில் இட்டு, பார்க்க மட்டும் அனுமதிக்கும் இணைப்பாக வைத்திருந்தால் தொடக்கத்துக்கு அது போதும்.

ஆங்கிலம் ஓரளவுதான் வரும் என்று தயங்க வேண்டியதில்லை. தமிழிலேயே மொழிபெயர்ப்பு, வசன வரிகள், பொருள் விளக்கம் போன்ற வேலைகள் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு விடயங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம்மில் பலர் தட்டச்சு வகுப்பில் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். வாடிக்கையாளருக்கு யூனிகோடில் கொடுக்காவிட்டால் அவர் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அடுத்தது, எந்த ஊர் வாசகருக்கு எழுதுகிறோம் என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது. நாம் வைத்தியசாலை என்று எழுதினால் சென்னையில் மருத்துவமனை என்பார்கள், நாம் ரொறன்ரோ என்றால் அங்கே டொராண்டோ. இதைக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நாற்பது பக்கங்களை மறுபடியும் திருத்திய அனுபவம் எனக்கு உண்டு.

விலையைப் பற்றி. தோட்டத்தில் பேருக்கு (நாட்சம்பளத்துக்கு) வேலை செய்வதற்கும் கொந்தரப்புக்கு (செய்து முடித்த அளவுக்கு மட்டும் கூலி பெற்று) வேலை செய்வதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது முழுக்க முழுக்கக் கொந்தரப்பு. எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்தீர்கள் என்று எவரும் கேட்கமாட்டார், அதனால் அந்தக் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு 2 சதம் டொலர் என்று பேசி 800 சொற்கள் எழுதினால் 16 டொலர். அதே வேலை பைவர் என்ற இன்னொரு வேலைத் தளத்தின் வழியாக வந்திருந்தால் அவர்கள் 20 வீதம் எடுத்துக்கொண்டு 12.80 டொலர் தருவார்கள், அதுவும் பெரும்பாலானோருக்கு வேலை முடிந்து 14 நாட்களுக்குப் பிறகுதான் கைக்கு வரும். தேடிப் படித்து, எழுதி, திருத்தி முடிக்க எட்டு மணித்தியாலம் ஆகியிருந்தால், மணித்தியாலத்துக்கு 1.60 டொலர். முதல் இரண்டு மூன்று வேலைகளுக்கு இது பரவாயில்லை, நல்ல மதிப்புரைகள் கிடைக்கும். அதற்குப் பிறகும் இதே விலையில் இருப்பது சரியல்ல. உங்கள் எழுத்தைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று முழுக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்பவருக்கு ஒரு பந்திக்கு மேல் கொடுக்காதீர்கள். நான் அப்படிக் கொடுத்த ஒரு கட்டுரையைப் பிறகு வேறொருவர் பெயரில் பார்த்தேன். பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்பவர் வேலை தருபவரே அல்லர்.

இனி, எவரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி: பெயரும் முகவரியும். தளத்தில் நீங்கள் பதியும் பெயர், தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். நம் மக்களுக்கு இது எளிதான காரியமல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு வேறொரு மாதிரி என்று பெயர் சிதறிக் கிடப்பது தோட்டத்தில் வீட்டுக்கு வீடு காணும் காட்சி. பணம் வந்து வங்கி வாசலில் திரும்பிப் போன பிறகு ஓடித் திரிவதைவிட, இப்போதே வங்கிக்குச் சென்று அடையாள அட்டையில் உள்ளபடியே முழுப் பெயரையும் பதியச் சொல்லுங்கள். முகவரி அதைவிடச் சிக்கலானது. அதற்குச் சான்றாக மின் பட்டியலைக் காட்டும்படி தளத்தில் கேட்பார்கள், லயத்துக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டின்) மின்சாரப் பட்டியல் நம் பெயரில் எங்கே வருகிறது? கடிதங்களும் பல இடங்களில் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகின்றன. எனக்குக் கைகொடுத்தது வங்கிக் கூற்று. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்று, அதைக் கொடுத்து வங்கியில் முகவரியைத் திருத்தி, அந்த முகவரி அச்சான கூற்றையே தளத்தில் பதிவேற்றினேன். இதற்குச் சில வாரங்கள் செல்லும் என்பதால் கட்டுரைகளை எழுதும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள்.

பணம் பெறுவதற்கு, இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலை நம்பியிருக்க வேண்டாம். இலங்கையிலிருந்து அதன் மூலம் பணம் அனுப்ப முடிந்ததே தவிர நீண்ட காலமாகப் பெற முடியாமலே இருந்து வந்திருக்கிறது. பேயோனியர் என்ற இன்னொரு சேவை வழியாக இங்குள்ள வங்கிக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். வரியை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம்: 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அதைத் தாண்டினாலும் வெளிநாட்டுக்கு வழங்கிய சேவைக்காக அந்நியச் செலாவணியில் வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15 தான்.

கைத்தொலைபேசி போதுமா என்றால், தொடங்குவதற்குப் போதும். கூகுள் டொக்ஸில் இணையம் இல்லாதபோதும் எழுதும் வசதியை இயக்கி வையுங்கள். நீண்ட கட்டுரையைச் சிறு திரையில் திருத்துவதுதான் கடினம், அதற்கு நான் விசைப்பலகை ஒன்றை மட்டும் வாங்கித் தொலைபேசியோடு இணைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். ஜூன் தொடங்கி மழை பிடித்துவிட்டால் மரம் விழுந்து மின்சாரம் போவதும், அதோடு சிக்னல் போவதும் நம் பக்கம் வழமைதானே. அந்த மாதங்களில் மூன்று நாளில் முடியும் வேலைக்கு ஐந்து நாள் கேளுங்கள், எழுதி முடித்ததை அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.