பொங்கலுக்கு மணாலி போகலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது பனி காட்டிவிட வேண்டும், ஆனால் கடன் வாங்காமல் போய் வர வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் இமாச்சலப் பிரதேசத்து மலையூரான மணாலியில் வந்து நிற்பார்கள். நல்ல தேர்வுதான். கோளாறு எங்கே என்றால், அரையாண்டு விடுமுறை இருக்கிறதே என்று கிறிஸ்துமஸ் வாரத்தில் கிளம்புவதில்.

அந்த வாரம் டெல்லி, பஞ்சாப், ஹரியானாக்காரர்கள் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு மலையேறி விடுவார்கள். மற்ற நாளில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் அறைக்கு அப்போது வாய்க்கு வந்த விலை. 2024 டிசம்பர் 23ஆம் தேதி பனி கொட்டியதும், மணாலிக்கு மேலே இருக்கிற சோலாங் பள்ளத்தாக்குக்கும் மலையைக் குடைந்து போட்ட அடல் சாலைச் சுரங்கத்துக்கும் நடுவே சுமார் ஆயிரம் வண்டிகள் சிக்கிக்கொண்டன. இவ்வளவு பட்டும், டிசம்பரில் பனி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் மழை தருகிறது. அங்கே பனியைக் கொண்டுவருவது மத்தியத் தரைக்கடல் பக்கத்திலிருந்து நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள். அவை அடுத்தடுத்து வலுவாக வருவது பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. ஆகவே என் யோசனை பொங்கல் விடுமுறை. வடக்கே அது சாதாரண வேலை வாரம். சனி, ஞாயிறில்தான் அங்கே கூட்டம். திங்கட்கிழமை போய் இறங்கி வெள்ளிக்கிழமை கிளம்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் அறை வாடகையில் பேரம் பேசலாம், டாக்சியிலும் பேசலாம். பொங்கலை ஊரில்தான் கொண்டாட வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் பிப்ரவரி முதல் வாரம். எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை நான்கு நாள் பள்ளிக்குப் போகாததால் குடிமுழுகிவிடாது. பன்னிரண்டாம் வகுப்பு இருக்கிற வீடு மட்டும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளட்டும்.

போகும் வழி. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு மூன்றாம் நாள் காலையில் டெல்லி சேரும். சேரும் என்பது அட்டவணை. ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. ரயில் சில மணி நேரம் தாமதமாவது சகஜம். மணாலிக்குப் பேருந்துகள் காஷ்மீரி கேட் நிலையத்திலிருந்து மாலையில் கிளம்புவதால் அந்தத் தாமதம் பெரும்பாலும் இடிக்காது. இமாச்சல் அரசுப் போக்குவரத்தின் வால்வோவை இணையத்திலேயே பதிவு செய்யலாம். சுமார் 530 கிலோமீட்டர், பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் இருக்கை போடுங்கள், இரவுச் சாப்பாட்டைப் பாதியோடு நிறுத்துங்கள். லீவு குறைவு என்றால் திரும்பும்போது மட்டும் டெல்லியிலிருந்து விமானம். அதிகாலை விமானம் எடுக்காதீர்கள், மூடுபனியில் முதலில் மாட்டுவது அதுதான். மத்தியானத்துக்கு மேல் எடுங்கள்.

அறை எடுக்கும்போது படத்தைப் பார்த்து மயங்காமல் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். ஹீட்டர் வாடகையில் சேர்த்தியா, தனியா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரமா? ஹீட்டருக்கு நாள் கணக்கில் தனிக் காசு வாங்கும் விடுதிகள் நிறைய. வெளியே போகிற குழாயில் இரவு தண்ணீர் உறைந்துவிட்டால், வெயில் ஏறும்வரை திறந்தாலும் சொட்டு வராது. படுக்கப் போகும் முன் ஒரு வாளி பிடித்து வைப்பது அங்கே வழக்கம். கரி அடுப்பை மட்டும் எவ்வளவு குளிரானாலும் மூடிய அறைக்குள் வைக்க விடாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவில் தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் செய்தி குளிர்காலந்தோறும் வடக்கிலிருந்து வருகிறது.

உடைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். நம் ஊர்களில் குளிர்காலத்தில் திபெத்தியர்கள் போடும் ஸ்வெட்டர் கடையில் ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா. உள்ளே போட தெர்மல் எனும் குளிர்கால உள்ளாடை. பருத்தி பனியன் நனைந்தால் உடம்பை ஐஸாக்கிவிடும், வேண்டாம். கம்பளிக் காலுறை ஆளுக்கு மூன்று ஜோடி. பனியில் புரளும் தடித்த கோட்டும் கம்பூட்ஸும் சோலாங் போகும் வழியில் வரிசையாக இருக்கிற கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். டிரைவர் தனக்குக் கமிஷன் தரும் கடை வாசலில்தான் நிறுத்துவார். இறங்கி, இன்னும் இரண்டு கடையில் விலை விசாரியுங்கள். கம்பூட்ஸ் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். முந்தைய நாள் ஈரம் இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். விரல் மரத்துப் போன பிள்ளை பத்து நிமிடத்தில் அறைக்குப் போகலாம் என்று அழும், அன்றைய டாக்சிக் காசு வீண்.

பனி எங்கே என்பதை ஊரில் இருந்துகொண்டே தீர்மானிக்காதீர்கள். மணாலி ஊர் சுமார் 2,050 மீட்டர் உயரம். அங்கே பனி விழுந்தால் அதிர்ஷ்டம். 14 கிலோமீட்டர் மேலே சோலாங்கில் வாய்ப்பு அதிகம். அங்கும் இல்லையென்றால் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைத் தாண்டி லாஹௌல் பள்ளத்தாக்கில் இருக்கிற சிஸ்ஸு கிராமம். 2020இல் சுரங்கம் திறந்த பிறகுதான் குளிர்காலத்தில் இந்த வழி நமக்கெல்லாம் எட்டியது. பனி கொட்டும் நாளில் போலீஸ் நிறுத்திவிடும். ஜனவரி பிற்பகுதியில் சிஸ்ஸு மக்கள் தங்கள் தெய்வ வழிபாட்டுக்காகச் சில வாரம் சுற்றுலாவை நிறுத்திவைப்பதும் உண்டு, கிளம்பும் முன் விசாரியுங்கள். 2024 ஜனவரி ஏறக்குறைய முழுக்க வறண்டு கிடந்து மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. அதனால் டாக்சியை முன்கூட்டி மூன்று நாளுக்கும் பேசி வைக்காமல், வானிலை பார்த்து ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் எடுத்தால் போதும்.

மேலே போனதும் ஸ்னோ ஸ்கூட்டர், நாலு சக்கர பைக், பாராகிளைடிங் என்று சூழ்ந்துகொள்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் போகும். நான் அதற்கு எதிரி. பிள்ளைகளுக்கு வேண்டியது உருட்டி எறிய பனியும் சறுக்க ஒரு சரிவும். உள்ளூர்ப் பையன்கள் யூரியா சாக்கில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு முன் பாதை கண்ணாடி மாதிரி வழுக்கும், பெரியவர்களை அதற்குப் பிறகு இறக்குங்கள்.

மற்ற நாட்கள் ஏறக்குறைய இலவசம். வசிஷ்ட் கிராமம் மூன்று கிலோமீட்டர். கோயிலை ஒட்டி கந்தக வெந்நீர் ஊற்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குளம். வெளியே உதடு வெடிக்கும் குளிர், தண்ணீரில் காலை வைத்தால் சூடு தாங்காது. மெதுவாக இறங்க வேண்டும். 1553இல் தேவதாரு மரத்தில் கட்டிய ஹிடிம்பா கோயிலுக்கு ஊரிலிருந்து நடந்தே போகலாம். கடோத்கஜனின் அம்மாவுக்குக் கோயில் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் வசதி. பழைய கோட்டை இருக்கிற நக்கர் ஊருக்குப் பேருந்து உண்டு.

சாப்பாட்டுக்கு ராஜ்மா சோறு எங்கும் மலிவு. நெய் ஊற்றிய சித்து, ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டம், கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சமையல் வசதி உள்ள வீட்டில் தங்கினால் சின்ன குக்கர் அவசியம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமெடுக்கும். பருப்புப் பொடி எடுத்துப் போவது உங்கள் இஷ்டம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பொங்கலுக்கு முன் வாரக்கடைசியில் ஏற வேண்டுமானால், நவம்பர் இரண்டாம் வாரத்தில் காலை 8 மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டியிருக்கும். திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு அதன் தேதிக்கு ஏற்ப சில நாள் கழித்துத்தான் திறக்கும், அதையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

வணக்கம்.