மாமே சப்போட்டா ஒட்டு: ஐந்தாவது தடவை துளிர்த்துவிட்டது!

வணக்கம். இன்று முன்னுரை எல்லாம் கிடையாது, நேரே தொட்டிக்கு வாருங்கள். இதோ, என் விரல் நுனிக்குப் பக்கத்தில். தெரிகிறதா? கேமரா பின்னால் இருக்கிற சுவரைத்தான் பிடிக்கிறது, இருங்கள். ம், இப்போது. அரிசி நுனி அளவுக்குச் செம்பழுப்பாய் ஒரு மொட்டு, டேப்பை முட்டிக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒட்டுக் கட்டி இன்றோடு 37 நாள். காலையிலிருந்து பதினோரு தடவை வந்து பார்த்துவிட்டேன்.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு என் மாமே சப்போட்டா கதை தெரியும். தெரியாதவர்களுக்கு, இது சப்போட்டா வகையைச் சேர்ந்த ஒரு வெளிநாட்டுப் பழமரம். தாய்மரத்துக் குச்சியை விதையிலிருந்து வளர்ந்த கன்றோடு சேர்த்து நான்கு தடவை ஒட்டுக் கட்டினேன், நான்கும் வீணாய்ப்போயின. அதிலும் அந்த மூன்றாவது குச்சி! ஒரு மாதம் பச்சையாகவே நின்று ஆசை காட்டிவிட்டு, லேசாகத் தொட்டதும் கழன்று கையோடு வந்துவிட்டது. அன்றைக்குக் கத்தி சரியில்லை என்று பத்து நிமிடம் புலம்பினேன் இல்லையா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்தத் தடவையும் அதே கத்திதான்.

விதைக்கன்றின் தண்டு பென்சிலை விடக் கொஞ்சம் தடிமன். பக்கவாட்டில் சீவி, மாமேயில் பான்டின் என்கிற ரகத்தின் குச்சியை அதில் பொருத்தினேன். வெட்டியதும் பால் கொட்டும். நம் சாதாரண சப்போட்டாவும் இதே குடும்பம்தான், அதன் குணம் தெரியுமே. அந்தப் பால் வெட்டுமுகத்தில் உறைய விடாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பட்டைக்கு அடியில் பச்சையாய் ஓர் அடுக்கு இருக்கும். குச்சியிலும் கன்றிலும் அந்த அடுக்கு ஒரு பக்கமாவது நேருக்கு நேர் உட்கார வேண்டும். மற்றபடி டேப் சுற்றி, மேலே பாலித்தீன் பை.

அட, முக்கியமானதையே விட்டுவிட்டேன்! பின்னால் போவோம். குச்சியை வெட்டுவதற்கு ஐந்து வாரம் முன்பே, தாய்மரத்துக் கிளையில் விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து விட்டேன். இலை தயாரிக்கிற சர்க்கரை பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழியை அடைத்தால் அது கிளையிலேயே தேங்கிவிடும். வேரோடு உறவு ஏற்படும் வரை குச்சி அந்தச் சேமிப்பில்தான் உயிரைப் பிடித்திருக்க வேண்டும். முதல் நான்கு தடவையும் கிளையை நேரே வெட்டி வந்து பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறேன். பழியைக் கத்தி மேல் போட்டேன்.

அப்புறம், “விதை போட்டாலே வளருமே, எதற்கு இந்தப் பாடு” என்று ஒவ்வொரு வீடியோவிலும் கேட்கிறீர்கள். வளரும். பழம் பார்க்க ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆகும், அதுவும் தாய்மரத்துப் பழம் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டுச்செடி மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்க்கும். அதோடு முடிந்ததா? பூத்தபின் காய் முற்ற 13 மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை ஆகலாம். முற்றியதா என்று வெளியே பார்த்தும் தெரியாது. தோலை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியக் கூடாது, சிவப்பு தெரிய வேண்டும். பதினோரு தடவை மொட்டைப் பார்க்கிற ஆள் வளர்க்கிற மரமா இது?

மங்குஸ்தானை ஒட்டுக் கட்டச் சொல்லி இனி யாரும் கேட்காதீர்கள். அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாகிறது, கன்று தாயைப் போலவேதான் வரும். ரகம் மாறிவிடும் என்கிற பயமே இல்லாத இடத்தில் நான் எதற்குக் கத்தியை எடுக்க வேண்டும்? எனக்கு அந்த மரத்தின் மந்தமான வளர்ச்சியும் பிடிக்காது.

ஐயோ, இதைப் பாருங்கள்! ஒட்டுக்குக் கீழே கன்றிலிருந்தே ஒரு கிளை கிளம்பியிருக்கிறது. பதினோரு தடவை வந்தும் இது கண்ணில் படவில்லை. இதை விட்டால் சத்தையெல்லாம் இதுவே குடித்துவிடும், மேலே இருப்பது காய்ந்துபோகும். கிள்ளிவிட்டேன். பால் வருகிறது பாருங்கள், ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

சரி, பையை மாட்டுகிறேன். வாயை மட்டும் கொஞ்சம் தளர்த்திக் கட்டுகிறேன், திடீரென்று வெயில்காற்று பட்டால் துளிர் வாடிவிடும். அடுத்த வாரம் காட்டுகிறேன். நான் சாயங்காலமே வந்து பார்ப்பேன், அது வேறு.