கைக்குத் தெரிந்த தொழிலும் கையிலில்லாத சான்றிதழும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

இலங்கையின் மலையகத்தில் தொழில் வழிகாட்டல் ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் எனக்கு, சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரமே ஆண்டின் மிகக் கனமான வாரமாகும். மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுத்த கையோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வரும் தாய்மார், பொலித்தீன் பையில் மடித்து வைத்திருக்கும் தாளை என் மேசையில் வைத்து, "சேர், புள்ளைக்குக் கணக்கு போயிருச்சு, கொழும்புக் கடைக்குத்தான் அனுப்பணுமா?" என்று கேட்பார்கள். அந்தத் தாளை நான் உடனே எடுத்துப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் மின்குமிழ் எரியாவிட்டால் யார் பார்ப்பது, தையல் இயந்திரம் பழுதானால் யார் திருத்துவது என்றுதான் முதலில் கேட்பேன். நேயர்களே, உங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும்; சற்று நினைத்துப் பாருங்கள்.

ஒருமுறை, தங்கையின் உயர்தரப் பாடத்தெரிவு பற்றிக் கேட்பதற்காக இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பார்வை என் மேசைக்குப் பின்னாலிருந்த பிளக்கின் மீதே நின்றது. "சேர், கரிஞ்ச வாசம் வருது" என்றவர், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்த டெஸ்டரால் திருகாணியைக் கழற்றி, தளர்ந்து கறுத்துப்போயிருந்த வயரை எனக்குக் காட்டினார். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், கடையில் நின்று, பின்னர் வயரிங் வேலைக்காரர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்து பத்து ஆண்டுகள் கழித்தவர் அவர். நீங்கள் என்ன படித்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "எனக்குப் படிப்பு இல்லைங்க சேர்" என்றார். கரிந்த வயர் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

அனுபவத்தால் தொழில் கற்றவர்களும், பயிற்சி நெறியொன்றை முதலிலிருந்து பயிலாமலே, தேசிய தொழில் தகைமைக்கு, அதாவது நாம் என்.வி.கியூ. என்று சொல்லும் சான்றிதழுக்கு, மதிப்பீட்டின் மூலம் விண்ணப்பிக்கலாம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. செய்த வேலைகளின் புகைப்படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் திரட்டுவதற்கு மூன்று மாதங்கள் பிடித்தன. மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டார், செய்துகாட்டச் சொன்னார், அவர் செய்துகாட்டினார். மூன்றாம் மட்டச் சான்றிதழ் கிடைத்தது.

பத்து ஆண்டுகள் வேலை செய்த ஒருவரைத் தொழில் தெரியாதவர் என்று ஒரு காகிதம் இல்லாததற்காகச் சொல்வது அநியாயம். தகைமைக் கட்டமைப்பில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. ஏழாவது மட்டம் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமானது. கணக்கில் தவறிய பிள்ளைக்கும் அந்த ஏணியின் கீழ்ப்படி திறந்தே இருக்கிறது. ஆனால் பயிற்சி நிலையம் நகரத்தில். தோட்டத்திலிருந்து பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆகவே, பெற்றோரை உடன் வைத்துக்கொண்டு பஸ் செலவையும் தங்குமிடத்தையும் கணக்கிடாமல் நான் எந்தப் பயிற்சி நெறியையும் சொல்வதில்லை. பெண்பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் முக்கியம்.

பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் இடந்தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதி கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். நுவரெலியா, பதுளை மாவட்டப் பிள்ளைகள் கொழும்பின் புள்ளியைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வணக்கம்.