மாற்றுப் பள்ளியும் பதினான்கு வயதுக் கோடும்

[காட்சி: முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. வாசலில் பள்ளி வேன் நிற்கிறது. பிள்ளை ஏற மறுக்கிறது.]

புதுச்சேரிப் பெற்றோருக்கு, வழக்கமான பாடம், தேர்வு முறையிலிருந்து விலகிக் கற்பிக்கும் மாற்றுக்கல்வி புதிய செய்தியன்று. 1943இல் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை தொடங்கிய பள்ளி, ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையமாக வளர்ந்து, பட்டமோ பட்டயமோ வழங்காமலேயே இன்றும் நடந்துவருகிறது. ஆயினும் தம் பிள்ளையை வழக்கமான பள்ளியிலிருந்து எடுக்கும் வேளை வந்தால், ஒத்துவராவிட்டால் திரும்பவும் சேர்த்துக்கொள்வார்களா என்ற அச்சம்தான் பலரையும் தடுக்கிறது.

[காட்சி: கரும்பலகையில் 14 என்ற எண்.]

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை இடையில் படிப்பை விட்டிருந்தாலும், வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர உரிமை உண்டு, டி.சி. வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கவும் முடியாது. ஆனால், புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் அரசுப் பள்ளிகளில் தமிழகத்தின் சமச்சீர்க் கல்விப் பாடத்திட்டம், இப்பக்கம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு மாற்றுப் பள்ளிக்கு மாறுவது ஒரு பொருட்டே அன்று. ஐந்தாறு ஆண்டுகள் வீட்டுப்பாடம் எழுதிப் பழகிய பத்து வயதுப் பிள்ளையின் நிலையோ வேறு. புதிய பள்ளியில் வெள்ளைத்தாளைக் கொடுத்து, விருப்பமானதைச் செய்யச் சொன்னால், ஸ்கேல் வைத்து ஓரத்தில் கோடு போட்டு, தேதி எழுதிவிட்டு, "மிஸ், கேள்வி சொல்லுங்க" என்று காத்திருக்கும். இந்தப் பழக்கம் கரைய மாதங்கள் ஆகலாம். மாலையில் தாய், "இன்னிக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்கிறார். "ஒன்னும் நடத்தல, குளத்துக்குப் போய் ஆழம் அளந்தோம்" என்கிறது பிள்ளை. தாயின் காதில் முதற்பாதி மட்டுமே விழுகிறது; அடுத்த வாரமே டியூஷன் தொடங்கிவிடுகிறது. காலையில் ஒரு கல்வி, மாலையில் அதற்கு நேர்மாறான கல்வி என்றால், பிள்ளைக்கு இரண்டுமே ஒட்டாது என்பது என் கருத்து.

[காட்சி: தேர்வு அறைக்கு வெளியே காத்திருக்கும் மாணவர்கள்.]

பதினான்கு வயது நிறைந்தபின் வேறொரு கதவு திறக்கிறது. 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். குறைந்தது ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேறினால் போதும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடப்பதாலும், பதிவு ஐந்தாண்டுகள் செல்லுபடியாவதாலும், ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம்.

ஆகவே, சேர்க்கைக்குச் செல்லும் நாளில் வகுப்பறையின் அழகையும் மரநிழலையும் பார்த்து மயங்குவதற்கு முன், இப்பள்ளி எத்தனையாம் வகுப்பு வரை உள்ளது, இங்கே படித்தவர்கள் பத்தாம் வகுப்பை எந்த வாரியத்தில் எழுதினார்கள் என்ற இரண்டையும் அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.