தபால் பெட்டியில் பெயர் எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு முப்பது வருடமாகப் பிரெஞ்சுக் கடிதங்கள் வருகின்றன. சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள், குடும்பத்துப் பாட்டிகள் பென்ஷன் கடிதம் கொண்டுவருவார்கள், படித்துச் சொல்வேன். இப்போது பேரப்பிள்ளைகள் பிரான்சிலிருந்தே வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். பாதிப் பேர் கேட்பது வரி எண்ணைப் பற்றித்தான்.

பிரான்சில் வரி எண் 13 இலக்கம். சமூகக் காப்பீட்டு எண்ணும் 13 இலக்கம்தான், பின்னால் சரிபார்க்க இரண்டு இலக்கம் சேரும். அதனால் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதிவிடுகிறார்கள். வரி ஆபீஸ் கொடுப்பது வேறு, மருத்துவச் செலவுக்கான எண் வேறு. மறுபடியும் சொல்கிறேன், இரண்டும் வேறு.

என் அக்கா மகன் பாரிஸ் பக்கத்தில் சார்செல்லில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலைக்குப் போனான். பாஸ்போர்ட் நகல் வைத்து வரி எண் கேட்டு எழுதினான். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. "மாமா, திரும்ப எழுதட்டுமா?" என்றான்.

"கீழே தபால் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது?"

"சித்தப்பா பெயர்."

விஷயம் அதுதான். நம் தெருவில் தபால்காரர் எதிர்வீட்டில் விசாரித்தாவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அங்கே அடுக்குமாடியின் வாசலில் வரிசையாகப் பெட்டிகள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரெழுதி, செல்லோடேப் போட்டு, சித்தப்பா பெயருக்குக் கீழே ஒட்டினான். திரும்ப எழுதினான். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது.

எந்தப் பெயரை ஒட்டுவது? நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். அதனால் கடிதம் அப்பா பெயரைப் போட்டு வரும். மகன் பெயரை மட்டும் ஒட்டினால் போதாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டையும் எழுதுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் பிள்ளைகளிடம் தாய்மார்கள் ஊறுகாயோடு இதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

"எனக்குச் சம்பளமே இல்லை, எதற்கு வரிக் கணக்கு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வரி பூஜ்யம் என்று வரும் அந்த அறிவிப்புத் தாளைத்தான் வாடகைக்கு வீடு பார்க்கும்போது கேட்பார்கள். பிள்ளையின் பள்ளிச் சாப்பாட்டுக் கட்டணத்தைக் குறைக்கவும் கேட்பார்கள். வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குக் கொடுங்கள். போன வருடக் கணக்கை இந்த வருடம் ஏப்ரலிலிருந்து கொடுக்கலாம். முதல் தடவை எண் கையில் இல்லையென்றால் காகிதப் படிவம் இருக்கிறது, அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2019 ஜனவரி முதல் சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கிறார்கள். புதிதாக வந்தவரின் விவரம் வரி ஆபீசிடம் இருக்காது. அதனால் மனைவி, பிள்ளைகளைக் கணக்கில் எடுக்காமல், சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிடிப்பார்கள். கூடுதலாகப் பிடித்தது கணக்குக் கொடுத்த பிறகுதான் திரும்பி வரும்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமலிருக்க இந்தியாவும் பிரான்சும் போட்ட இரட்டை வரி ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், படிக்க நேரமில்லை. இங்கே வீட்டு வாடகை வருபவர்கள் அங்கே கொடுக்கும் கணக்கிலும் அதைக் காட்ட வேண்டும், இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.